கல்லுக்குள் இருப்பதை வரைவது எப்படி? (கேள்வி பதில்)

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓவியம் சொல்லித்தருகிறேன். பாறையை வைத்து வரையும் அரூப ஓவியம் (உருவம் காட்டாத, நிறமும் கோடும் மட்டுமான படம்) பற்றி வகுப்பில் வந்த கேள்விகள் இவை.

கோகிலா: ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலை நிற்கிறதே அண்ணே, அதையே வரைந்தால் என்ன?

வரையலாம்மா, அது மலைக்காட்சி ஆகிவிடும். மலைக்குள் நடந்ததைத்தான் நாம் தேடுகிறோம். மார்பிள் என்று விற்கும் பலகைகளில் பல, பளபளப்பாக்கிய சுண்ணாம்புக்கல்தான். கோயில் தரையிலோ வங்கிச் சுவரிலோ இருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். சிலவற்றில் ரம்பப் பல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஓடும். அழுத்தத்தில் சுண்ணாம்பு கரைந்து போக, கரையாத களிமண் அங்கே தங்கிவிட்டது. அந்தக் கோட்டைத் தூரிகையால் இழுத்தால் பொய்யாகத் தெரியும். பூசித் தேய்த்து வரவழையுங்கள். முதலில் மாடலிங் பேஸ்ட் (ஓவியக்கடையில் விற்கும் கெட்டியான பசை) வைத்து மேடுபள்ளம் செய்யுங்கள். மேலே நாலைந்து நிறங்கள், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. அப்புறம் தண்ணீர் தொட்டு மணல்தாளால் தேயுங்கள். மேடு தேயத் தேய அடிநிறங்கள் வளையம் வளையமாக வெளியே வரும். காட்மியம் கலந்த வண்ணத்தை மட்டும் தேய்க்கவே கூடாது, நச்சு. ஸ்பாஞ்சில் ஒற்றி எடுக்கும் ‘மார்பிள் டிசைன்’ எனக்குப் பிடிக்காது. அது சுவருக்குச் சரி.

சரவணன்: கருங்கல் வெறும் சாம்பல் நிறம்தானே சார்?

0.03 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, போலரைசிங் நுண்ணோக்கியில் (ஒளியை ஒரே திசையில் அதிரவைத்துப் பார்க்கும் கருவி) வைத்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள் தம்பி. கல்லில் உள்ள கனிமங்களில் குவார்ட்ஸ் சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும், ஃபெல்ட்ஸ்பாரில் வரிவரியாகக் கோடு விழும், மைக்கா இளஞ்சிவப்பும் பச்சையுமாக மின்னும். நுண்ணோக்கியின் தட்டைச் சுழற்றினால் கனிமத் துகள்கள் மாறி மாறி இருளும். டென்மார்க் ஓவியர் பெர் கிர்கபி (1938–2018) புவியியல் படித்துவிட்டு வந்தவர். அவர் படங்களில் வண்ணம் படிவு படிவாக இருப்பதைப் பாருங்கள்.

விஜயா அக்கா: தோட்டத்துச் செம்மண்ணில் வண்ணம் செய்யலாமா?

தாராளமாக. அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு, வெயிலில் வெளுக்காது. தண்ணீரில் கலக்கி, மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வடித்துத் தெளியவிட்டு, காயவைத்து அரையுங்கள். அக்ரிலிக் மீடியம் (பொடியைப் பிடித்து ஒட்டவைக்கும் நிறமில்லாத பசை) சேர்த்தால் போதும். மஞ்சள் மண்ணைப் பழைய சட்டியில் நன்றாக வறுத்தால் சிவந்துவிடும். செம்பனை வரிசைக்குள் எடுக்காதீர்கள், மருந்தடித்த மண்.

பெயர் வேண்டாம் என்றவர்: அம்மா பார்த்துவிட்டு, “சுவரில் ஈரம் ஊறின மாதிரி இருக்கு” என்கிறார்!

எந்த நிறம் முதலில் பூசியது என்று அம்மாவிடமே கேளுங்கள். குனிந்து தேட ஆரம்பித்தால் படம் தேறிவிட்டது. இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் தேயுங்கள்.