கோட்டயம் புஷ்பநாத் யார்? துப்பறியும் கதை எழுதியவரா, பேய்க்கதை எழுதியவரா?

இரண்டும்தான். குமுளியில் வளர்ந்த எனக்கு மலையாளம் வாசிக்கப் பழக்கியதே அவருடைய நாவல்கள்தான். அதனால் கொஞ்சம் ஆசையோடு சொல்கிறேன்.

இயற்பெயர் புஷ்பநாதன் பிள்ளை, பிறந்தது 1938. பள்ளியில் வரலாற்று ஆசிரியர். 1960களின் கடைசியில் வார இதழ்த் தொடர்கள் மூலம் பிரபலமானார். அப்புறம் ஒரே சமயத்தில் பல இதழ்களுக்குத் தொடர் எழுதும் அளவுக்குக் கிராக்கி. சுமார் 350 நாவல்கள்!

துப்பறிவாளர்கள் இருவர்: வெளிநாட்டு வழக்குகளுக்கு மார்க்ஸின் என்பவர், உள்ளூருக்குப் புஷ்பராஜ். பேய்க்கதை என்றால் மந்திரவாதம், யட்சி, பிரம்மராட்சசு. இரவில் முற்றத்துக்கு வரவே பயமாக இருக்கும். டிராகுலாவையும் மலையாளத்தில் தந்தார். டிராகுலா கதை நடக்கும், தான் நேரில் பார்க்காத கார்பாத்திய மலைகளைப் புத்தகங்களையும் வரைபடங்களையும் வைத்தே வர்ணித்தார். அந்தக் குளிரும் குதிரை வண்டிச் சத்தமும் இன்னும் எனக்குள் இருக்கின்றன. வரலாற்று வாத்தியாரின் உழைப்பு அது.

'பைங்கிளி' எழுத்து, அதாவது மலிவான ஜனரஞ்சக எழுத்து என்று விமர்சகர்கள் ஒதுக்கியது நியாயமில்லை என்பது என் கருத்து. மலைத் தோட்டத் தொழிலாளர்கள்கூட வாரம் தவறாமல் காத்திருந்து படித்தார்கள். தமிழிலும் மொழிபெயர்ப்புகள் வந்தன. 2018 மே 2 அன்று காலமானார். மலையாளம் தெரிந்தால் துப்பறிவாளர் மார்க்ஸின் வரும் கதையிலிருந்து ஆரம்பியுங்கள்.