இலங்கை ஜனாதிபதித் தேர்தல்: 2, 3 என்று இலக்கமிடுவது எப்போது பயன்படும்?

கேள்வி: ஜனாதிபதித் தேர்தலில் வெல்ல வாய்ப்பில்லாத ஒருவருக்கே என் முதல் வாக்கு. இரண்டாவது விருப்பு வாக்கை இன்னொருவருக்குக் கொடுத்தால் முதலாமவருக்குப் பாதகமா? சீட்டில் எப்படிக் குறிப்பது?

பாதகம் இல்லை. நீங்கள் 1 போட்டவர் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்துவிட்டால் உங்கள் 2, 3ஐ யாரும் பார்க்கவே மாட்டார்கள். அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டால்தான் அவற்றுக்கு வேலை.

குறிக்கும் முறை: விரும்புபவருக்கு எதிரே 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3. வெறும் 1 மட்டும் போட்டாலும், ஒரேயொரு புள்ளடி (X) மட்டும் போட்டாலும் வாக்கு செல்லும். ஆனால் விருப்பு வாக்கும் கொடுப்பதென்றால் புள்ளடியை மறந்து இலக்கங்களையே எழுதுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். 1 இல்லாமல் 2 மட்டும் இருந்தாலோ, இரண்டு பேருக்கு 1 விழுந்தாலோ சீட்டு நிராகரிக்கப்படும். பாராளுமன்றத் தேர்தல் பழக்கத்தில் மூன்று புள்ளடி போடுவோரும் உண்டு. அங்கே மூன்று விருப்பு வாக்குகளும் சம பெறுமதி. இங்கே வரிசைதான் எல்லாம்; மூன்று புள்ளடி போட்டால் வாக்கே போய்விடும். 2024இல் 3,00,300 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன.

செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் பெற்றால் அத்தோடு முடிவு. 1982 முதல் 2019 வரை எட்டுத் தேர்தல்களும் அப்படியே முடிந்தன. 2024 செப்டெம்பரில்தான் முதல்முறையாக இரண்டாவது எண்ணிக்கை தேவைப்பட்டது. தேவையான பாதி 66 இலட்சத்துக்கு மேல். அநுர குமார திசாநாயக்க பெற்றது 56,34,915, சஜித் பிரேமதாச 43,63,035. மற்ற எல்லோரும் விலக்கப்பட்டார்கள், பதவியில் இருந்த ரணில் விக்கிரமசிங்க உட்பட.

விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் 2 இந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேரும். 2உம் விலக்கப்பட்டவருக்கே என்றால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் சீட்டு அங்கேயே நின்றுவிடும். உதாரணமாக, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 1, ரணிலுக்கு 2 என்று போட்டு 3ஐ வெறுமையாக விட்டவரின் வாக்கு முடிவில் யாருக்கும் சேரவில்லை.

இப்படி நின்றுபோனவைதான் பெரும்பாலானவை. விலக்கப்பட்டோரின் சுமார் 33 இலட்சம் வாக்குகளில் அநுரவுக்கு 1,05,264, சஜித்துக்கு 1,67,867 மட்டுமே கைமாறின. நூற்றுக்கு எட்டுத்தான்! பெரும்பாலோர் 1 அல்லது புள்ளடியோடு நிறுத்திக்கொண்டதே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். இறுதியில் அநுர 57,40,179 பெற்றார். அது அந்தப் பாதியை எட்டவில்லை, ஆனாலும் வென்றார். இந்தச் சுற்றில் இருவரில் கூடுதலாகப் பெற்றவரே ஜனாதிபதி.

ஆகவே 1ஐ மனதுக்குப் பிடித்தவருக்குப் போடுங்கள். 2, 3 இரண்டில் ஒன்றையாவது முதல் இரண்டு இடங்களுக்குள் வரக்கூடியவருக்குக் கொடுங்கள். அது யாரென்று உறுதியாகத் தெரியாத மும்முனைப் போட்டியில் 2, 3 இரண்டையுமே முன்னணியில் இருப்பவர்களுக்கு, உங்களுக்கு ஏற்பான வரிசையில் கொடுப்பதே பாதுகாப்பு.