டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் கதாபாத்திரங்கள் சிறைப்பட்டால் எப்படி நடத்துவது?

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது. உங்கள் ஆட்டக்காரர்கள் நால்வரின் கதாபாத்திரங்களும் நகரக் காவலர்களிடம் பிடிபட்டுவிட்டார்கள், அடுத்த வாரம் சிறையிலிருந்து தொடங்க வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றை யோசியுங்கள். உள்ளே அவர்கள் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் சிறைக்காட்சியே வேண்டாம். “பத்து நாள் கழித்து விடுதலையாகிறீர்கள், தேடிவந்த ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டான்” என்று ஒரே வரியில் கடந்துவிடுங்கள். இழப்பும் உறைக்கும், யாருடைய மாலைப்பொழுதும் வீணாகாது.

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் ஆடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி எல்லோரையும் பூட்டினேன். தப்பிக்க ஒரே வழிதான் வைத்திருந்தேன்: நள்ளிரவில் சாவியோடு வரும் காவலன். அவர்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் “முடியாது” என்றேன். மந்திரவாதியாக ஆடிய நண்பரின் மந்திர நூலைப் பறித்துவிட்டு, இனி எந்த மந்திரமும் கிடையாது என்றும் சொல்லிவிட்டேன். அது விதிப்படியே தவறு. நூல் போனாலும் ஏற்கெனவே ஆயத்தம் செய்த மந்திரங்கள் மனத்தில் இருக்கும். அவர் இரண்டு மணி நேரம் பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தார். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

ஆயுதங்களைப் பறிப்பது எல்லோரையும் ஒரே அளவில் பாதிக்காது என்பதையும் கவனியுங்கள். போர்வீரன் வாளும் கவசமும் இல்லாமல் பாதி ஆளாகிவிடுவான்; துறவிக்குக் கை முஷ்டியே போதும். விலங்குருவம் எடுக்கும் ட்ரூயிட் எலியாகிக் கம்பிக்கு இடையில் நுழைந்துவிடுவார். 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிநூலில் ‘மிஸ்டி ஸ்டெப்’ மந்திரத்துக்கு வாய்ச்சொல் மட்டுமே வேண்டும். 30 அடிக்குள் கண்ணில் படும் காலி இடத்துக்குத் தாவிவிடலாம். கிராமத்துச் சிறைக் காவலனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா? தெரியாது என்றால் வாயைக் கட்டாதீர்கள், தப்பிக்கட்டும். இருபது பக்கப் பகடையில் விழும் எண்ணோடு கதாபாத்திரத்தின் திறனையும் கூட்டினால், கைவிலங்கிலிருந்து நழுவ 20 வேண்டும், சாதாரணப் பூட்டைக் கருவியோடு திறக்க 15 போதும். ஆகவே ஒரு வளைந்த ஆணியாவது அறையில் கிடக்கட்டும்.

இரண்டாம் முறை சிறை அமைத்தபோது தரங்கம்பாடிக் கோட்டையை மனத்தில் வைத்துக்கொண்டேன். டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கியது. கடலை ஒட்டி நிற்கிறது, கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை அறைகள். வழி எதையும் நான் வகுக்கவில்லை. பக்கத்து அறையில் ஒரு கிழட்டுக் கைதி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று கவலைப்படும் காவலன், விடியுமுன் வரும் அரிசி வண்டி, நான்காம் நாள் தூக்கு. இவ்வளவுதான் எழுதிவைத்தேன். “சரணடைந்தாலும் ஆட்டம் தொடரும், பறித்த பொருளை மீட்க வழி இருக்கும்” என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் சாகும்வரை சண்டைதான் போடுவார்கள்.

திரும்பி வந்திருந்த அதே நண்பர்தான் கேட்டார்: “இந்த ஜன்னல் கம்பி எத்தனை வருடமாக உப்புக்காற்றில் நிற்கிறது?”

நான் அதை யோசித்திருக்கவில்லை. “அறுபது வருடம்” என்றேன். கம்பிக்கு 20 என்று குறித்திருந்ததை அடித்து 12 என்று எழுதினேன். அவர் பகடையை உள்ளங்கையில் நெடுநேரம் உருட்டிவிட்டுப் போட்டார். 13 விழுந்தது.