குழந்தையைத் தொடப் பயப்படும் தாய்

கேள்வி: என் மகளுக்கு 31-வது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தையின் எடை 1.3 கிலோ. மூன்று வாரங்களாக இன்குபேட்டரில் இருக்கிறது. தேறி வருவதாக டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால், மகள் குழந்தையைத் தொடவே மறுக்கிறாள். சாப்பாடும் தூக்கமும் இல்லை. பெற்ற பிள்ளை மீது பாசம் இல்லாமல் போகுமா?

பதில்: பாசத்துக்குக் குறைவில்லை அம்மா, இது பயம். இப்படிப்பட்ட தாய்மார்களை வார்டில் அடிக்கடி பார்க்கிறேன். இன்குபேட்டரின் வட்டத் துவாரம் வரை கை போகும். மானிட்டரில் ஒரு சத்தம் கேட்டதும் சட்டென்று பின்வாங்கிவிடும். கண்ணும் குழந்தை மீது இருக்காது, திரையில் ஓடும் எண்கள் மீதுதான் இருக்கும். இதோடு ‘என்னால்தான் இப்படி ஆனது’ என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. பார்க்க வருகிறவர்கள் ‘பப்பாளி சாப்பிட்டாயா, வண்டியில் போனாயா’ என்று துருவுவது அந்தப் புண்ணைத்தான் கிளறுகிறது. குறைமாதப் பிரசவங்கள் பலவற்றுக்குக் காரணமே தெரிவதில்லை. அந்த விசாரணைக்கமிஷனை நீங்கள்தான் வாசலோடு அனுப்ப வேண்டும்.

தொடுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. இந்தக் குழந்தைகளுக்கு மெல்ல வருடுவதுகூடத் தொந்தரவாகலாம். கழுவிய, வெதுவெதுப்பான கைகளில் ஒன்றைத் தலையிலும் மற்றொன்றைப் பாதங்களிலும் அசைக்காமல் வைத்திருந்தால் போதும். முதல் முறை நர்ஸ் பக்கத்தில் நிற்கட்டும். அது பழகியதும், டாக்டரிடம் கேட்டு ‘கங்காரு’ முறையைத் தொடங்கலாம். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த யோசனை இது: குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துத் துணியால் கட்டிவிடுவது. ஒரு நாளில் 8 மணி நேரமாவது வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு எடை கூடும். தாயின் மனச்சோர்வும் குறையும்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் அழுகையும் சலிப்பும் பொதுவாக இரண்டு வாரங்களில் அடங்கிவிடும். உங்கள் மகளுக்கு மூன்று வாரங்கள் ஆகிவிட்டதால், இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ படிவம் தமிழிலும் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. மருந்து தேவைப்பட்டாலும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உள்ளன. குழந்தையின் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். சாக வேண்டும் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ பேசினால், காதில் குரல் கேட்பதாகச் சொன்னால், அவளைத் தனியே விடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இன்னொன்று: கங்காரு முறையில் பாட்டியும் குழந்தையை வைத்துக்கொள்ளலாம். மகள் இரண்டு மணி நேரம் தூங்கட்டும். முன்பக்கம் திறக்கும் ரவிக்கையாகப் போட்டுக்கொண்டு போங்கள்.