வென்ட்வொர்த்வில் நூலகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

தம்பி, நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரிலிருந்து சிட்னிக்கு வந்து இரண்டு மாதம், வென்ட்வொர்த்வில்லில் வாடகை வீடு, நான்கு வயதில் ஒரு மகள். வாடகையைக் கூட்டினால் என்ன செய்வது, பழைய கார் வாங்கலாமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி இதையும் கேட்டிருக்கிறீர்கள்: இங்கே நூலகங்களில் ஆண்கள் பெண் வேடம் போட்டுக் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறார்களாமே, வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து மனைவி பயந்துபோயிருக்கிறார், பிள்ளையை நூலகத்துக்கு அனுப்பலாமா என்று.

வாடகைக்கும் காருக்கும் பதில் சொல்ல இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் நூலகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், கதை நேரத்துக்கு யாரும் பிள்ளையை 'அனுப்புவது' இல்லை. தாயோ தகப்பனோ கூடவே பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பி வரலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அடுத்தது, நம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு 'வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்' என்ற பின்னணிச் சோதனை உண்டு. பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி செய்ய வருகிற கலைஞரும் அதில் அடங்குவார். இந்தச் சோதனையைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர நூலகம் 2019இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. கதை வாசிக்க வந்த ஒருவரின் பின்னணியை அவர்கள் சரியாகச் சோதிக்கவில்லை, அவர் சிறுவர் மீதான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர். அந்தக் கோபம் முழுக்க நியாயம். ஆனால் கதை வாசிக்க வருகிறவர் சேலையில் வந்தாலும் கோட்டில் வந்தாலும் அதே சோதனை வேண்டும்.

இது எங்கே தொடங்கியது என்று உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள். 2015இல் சான் பிரான்சிஸ்கோவில் மிஷெல் டீ என்ற எழுத்தாளர் தொடங்கினார். அப்போது அவரும் கைக்குழந்தைக்காரி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நூலக நிகழ்ச்சிகளுக்குப் போனபோது தன் குடும்பத்தைப் போன்ற ஒருபாலினக் குடும்பங்களுக்கு அங்கே இடம் இல்லாததுபோல் தோன்றியிருக்கிறது. அதிலிருந்துதான் 'ட்ராக்' என்று சொல்லும் பெண் வேடக் கலைஞர்கள் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வாசிக்கும் இந்த நிகழ்ச்சி வந்தது. என் அண்ணன் மகள் நகரப் பக்கம் இருக்கிறாள். தன் குட்டியோடு ஒருமுறை போய்ப் பார்த்தாள். பெரிய பொய்முடி, மினுங்குகிற கவுன், இரண்டு படப் புத்தகம், கைதட்டிப் பாட்டு, நாற்பது நிமிடம். அந்தக் கவுனில் எத்தனை மணி தைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்தாளாம் குட்டி.

நீங்கள் இருப்பது கம்பர்லாண்ட் கவுன்சில் பகுதி. கவுன்சில் என்றால் நம் ஊர் நகராட்சி மாதிரி. அங்கே இந்த விஷயம் பெரிய சண்டையாகவே நடந்தது. ட்ராக் கதை நேரம் தங்கள் நூலகங்களில் நடக்காது என்று 2024 பிப்ரவரியில் கவுன்சில் தீர்மானம் போட்டது. அதோடு நிற்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில், ஒரே பாலினப் பெற்றோரைப் பற்றிய புத்தகங்களையே நூலகத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று ஆறுக்கு ஐந்து வாக்கில் முடிவெடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு மெல்லிய புத்தகத்தைச் சபையில் தூக்கிக் காட்டியே அந்தப் பேச்சு நடந்தது. மாநில அரசு நூலகத்துக்கான பணத்தை நிறுத்தவேண்டி வரலாம் என்று எச்சரித்தது. எதிர்ப்பு மனுவில் 40,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். மே 15 இரவு மெரிலண்ட்ஸில் கூட்டம். வாசலில் இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவில் போலீஸ். பன்னிரண்டுக்கு இரண்டு என்று அந்தப் புத்தகத் தடையை நீக்கினார்கள்.

அந்த வாரங்களில் நான் பட்ட மனவேதனையைச் சொல்கிறேன். நம் ஆட்களின் விழா ஒன்றில், மண்டப வாசலில் ஒருவர் தாளும் பேனாவுமாக நின்றார். "பிள்ளைகளைக் காப்பாற்றக் கையெழுத்து" என்றார். எத்தனை பேர் வாசித்துப் பார்த்தார்கள்? நான் நின்ற பத்து நிமிடத்தில் ஒருவர்கூட இல்லை. மருத்துவர்கள், கணக்காளர்கள், பிள்ளைக்குத் தேர்வுப்பள்ளி டியூஷனுக்கு ஞாயிறு முழுக்கக் கார் ஓட்டுகிறவர்கள். நான் வாசித்தேன். எந்த நூலகம், எந்தப் புத்தகம், எதைத் தடுக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. "அண்ணா, நீங்கள் கடைசியாக இந்த நூலகத்துக்குள் போனது எப்போது?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருடம் இங்கே இருக்கிறார், அட்டைகூட எடுத்ததில்லை. இப்படியான ஆட்கள் உங்களிடமும் வருவார்கள் தம்பி. புதிதாக வந்தவர் மறுக்கமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் கொண்டுவந்தாலும் அந்தப் பக்கத்து ஆட்கள் கொண்டுவந்தாலும் சரி.

நம் சனம் இதில் ஒரே நினைப்பு என்றும் நினைக்காதீர்கள். 2017இல் ஒரே பாலினத் திருமணத்துக்குத் தபால் வாக்கெடுப்பு நடந்தது. நாடு முழுக்க 61.6 சதவீதம் ஆம். நம் பரமட்டா தொகுதியில் அதே 61.6 சதவீதம் பேர் 'இல்லை' என்று வாக்களித்தார்கள். எங்கள் வீட்டில் நான் ஆம், கணவர் இல்லை. இரண்டு உறையையும் ஒரே தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்து தேநீர் குடித்தோம். அவர் பக்திமான், நல்ல மனிதர், இன்றைக்கும் அதே கருத்துத்தான். ஆனால் நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்க வேண்டும் என்றபோது அவர்தான் முதலில் கொதித்தார். நாங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். 1981இல் எங்கள் நூலகம் 97,000 புத்தகங்களோடு எரிந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. எரிப்பதும் தட்டிலிருந்து எடுப்பதும் ஒன்றல்ல என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

பெண் வேடம் போட்ட ஆணைக் கண்டு பிள்ளை குழம்பிவிடும் என்று மனைவி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கரவெட்டியில் என் சித்தப்பா காத்தவராயன் கூத்தில் கதாநாயகி ஆரியமாலையாக ஆடுவார். நாங்கள் சின்னதுகள் முன்வரிசையில் பாய் போட்டு விடியும்வரை பார்ப்போம். விடிந்ததும் அவரே தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போவார். எங்களுக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. உங்கள் பக்கத்திலும் நாடக நடிகர் டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்தே 'ஔவை' சண்முகம் ஆனார். ஆனால் இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ட்ராக் இரவு விடுதிகளில் வளர்ந்த கலை, ஒருபாலின மக்களின் வாழ்க்கையோடு சேர்ந்தது. அதைத் தெரிந்துகொண்டே வேண்டாம் என்று ஒரு தாய் நினைத்தால் அது அவர் உரிமை. எனக்கும் அந்தக் கண்ணைப் பறிக்கும் ஒப்பனை அவ்வளவு பிடிப்பதில்லை. எனக்குப் பிடிக்காததற்காக மற்ற வீட்டுப் பிள்ளையும் போகக்கூடாது என்று வாசலை மறிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். மெல்பேர்னில் ஓக்லி நூலகத்தில் 2023 மே மாதம் நடக்கவிருந்த கதை நேரத்தை மிரட்டல்கள் காரணமாகக் கவுன்சில் நிறுத்தியது. கலைஞருக்கு மட்டுமல்ல, நூலக ஊழியருக்கும் வரவிருந்த குடும்பங்களுக்கும் பாதுகாப்பில்லை என்ற நிலை. அதற்குச் சற்று முன்தான், ஏப்ரல் 22ஆம் தேதி, பெண் வேடத்தில் டேம் எட்னாவாக உலகத்தையே சிரிக்க வைத்த பேரி ஹம்ப்ரீஸ் காலமாகி நாடே அழுதது.

உங்கள் மகளைப் பற்றி வருவோம். இருபத்தேழு வருடமாக இந்தப் பக்கத்து நூலகங்களில் ஏறி இறங்குகிறேன். நம் கிளையில் நான் கண்டது சாதாரணக் கதை நேரம்தான்: ஒரு ஊழியர், ஒரு படப் புத்தகம், கொஞ்சம் பாட்டு, கடைசியில் வர்ணம் தீட்டல். வீடியோவுக்குப் பயந்து அதை விட்டுவிட்டால் நட்டம் உங்களுக்கு. சான்றிதழ் நகல்களில் இலவசமாகக் கையெழுத்துப் போட்டு உறுதிப்படுத்தும் 'ஜேபி' (ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்) பல நூலகங்களில் குறிப்பிட்ட நாட்களில் இருப்பார். ஆங்கிலப் பேச்சு வகுப்பும் உண்டு. மனைவியைப் போகச் சொல்லுங்கள், வீட்டுக்குள் அடைந்து இருக்க விடாதீர்கள்.

நான் அப்படித்தான் அடைந்து கிடந்தேன். 1997, ஹோம்புஷில் ஒரு அறை வீடு, ஜூலைக் குளிர். கணவருக்கு இரவு வேலை, பகலில் அவர் தூங்க வேண்டும். ஒன்றரை வயது மகன் அழுதால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார். பிள்ளையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக நடப்பேன். ஒருநாள் மழை. ஒதுங்க நுழைந்த இடம் நூலகம். உள்ளே பத்துப் பதினைந்து தாய்மார் தரையில் இருந்தார்கள். ஒரு வயதான கிரேக்க அம்மா வாத்துக் கதை வாசித்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நனைந்தபடி நின்றேன். அவர் நிறுத்தி, என் மகனின் பெயரைக் கேட்டார். செந்தூரன் என்றேன். மூன்று தரம் சொல்லிப் பார்த்தார், நான்காவது தரம் சரியாக வந்தது. அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் அவனுக்கு வணக்கம் சொன்னார்கள்.

அன்றைக்கு நான் கற்ற ஆங்கிலச் சொல் 'படில்', அதாவது குட்டை. வாத்து குதித்த குட்டை. அடுத்த வாரமும் போனேன், அதற்கு அடுத்த வாரமும். என் ஆங்கிலம் முழுக்க அந்தப் பாயில் உட்கார்ந்து வந்ததுதான். இப்போது அதே ஆங்கிலத்தில் முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன்.

அட்டை எடுக்கப் போகும்போது கடவுச்சீட்டோடு உங்கள் முகவரி உள்ள கடிதம் ஒன்றையும் கொண்டுபோங்கள், வாடகை ஒப்பந்தம் இருந்தாலும் போதும். மகள் பெயரில் தனி அட்டை கேளுங்கள். அவளே கையில் வைத்திருக்கட்டும்.