சாடியா, முகமா?

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. ஒரு நேரம் நடுவில் பூச்சாடி தெரிகிறது. அடுத்த நொடி எதிரெதிரே இரண்டு முகங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவ்வளவு முயன்றும் முடியவில்லை. கண்ணில் கோளாறா?

பதில்: இல்லை. ஒரே பொருள் இரண்டாகத் தெரிந்தால் கண் டாக்டரிடம் ஓடுங்கள். இதற்கு வேண்டாம். காகிதத்தில் எதுவும் மாறவில்லை, விழித்திரையில் விழும் பிம்பமும் அதேதான். மாறுவது மூளையின் தீர்ப்பு.

டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-ல் தன் ஆய்வில் சேர்த்துப் பிரபலமாக்கிய படம் அது. வில்லங்கம் முழுக்க அந்த வளைந்த விளிம்பில்தான். மூக்கு நீட்டிக்கொண்டு வரும் இடத்தில் சாடிக்கு இடுப்பு சிறுக்கிறது. ஒரு விளிம்பை ஒரு பக்கத்துக்குத்தான் மூளை பட்டா போட்டுக் கொடுக்கும். முகத்துக்குக் கொடுத்துவிட்டால் நடுவில் மிஞ்சுவது வெறும் பின்னணி. அதற்கென்று வடிவம் கிடையாது. விளிம்பு எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்து வேறுபட்டுச் செயல்படும் நரம்பணுக்களைக் குரங்குகளின் பார்வைப் புறணியில், அதாவது கண் அனுப்பும் செய்தியை அலசும் மூளைப் பகுதியில், கண்டுபிடித்திருக்கிறார்கள். ‘எனக்கு இரண்டும் சேர்ந்தே தெரியுதே’ என்று யாராவது சொன்னால், ரொம்ப வேகமாக மாற்றிப் பார்க்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று கேளுங்கள். ஒருவரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து இதே படத்தைக் காட்டினார்கள். எது தெரிகிறதோ அதற்கான பட்டனை அவர் அழுத்த வேண்டும். ‘முகம்’ என்று அவர் அழுத்தும் நேரங்களில், முகங்களுக்கென்றே பேர்போன ஒரு பகுதியில், மூளையின் அடிப்பக்கத்தில், செயல்பாடு கூடியது. படம் என்னவோ அசையாமல் அப்படியே இருந்தது!

சரி, ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? ஜெயித்த நரம்பணுக் கூட்டம் கொஞ்ச நேரத்தில் களைத்துப்போக, தோற்ற கூட்டம் தலைதூக்குகிறது என்பது பழைய விளக்கம். கவனம், எதிர்பார்ப்பு போன்ற மேல்மட்ட வேலைகளுக்கும் பங்கு உண்டு என்று சிலர் வாதாடுகிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கும் என்பது என் கட்சி. ஏனென்றால், இரண்டு விதமாகத் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் பலருக்கு இந்தப் படங்கள் மாறுவதே இல்லை. மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சொன்னாலும் மாறாது.

மனசை அடக்கி ஒன்றையே பிடித்து வைக்கலாம். கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் நழுவிவிடும். சாடி கூடுதல் நேரம் நிற்க வேண்டுமா? படத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள். கவிழ்ந்த முகத்தை அடையாளம் காண மூளை தடுமாறும்.