டிஃபரன்ஷியல் சுடுது, சரி... எவ்ளோ சுடுது?

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் வண்டி, லிஃப்ட் பண்ணி (சஸ்பென்ஷனை உயர்த்தி) பெரிய டயர் போட்டிருக்கேன். மணல்ல ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு இறங்கி பின்னாடி ரெண்டு வீலுக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கற டிஃபரன்ஷியலோட கவர்ல கை வச்சா ஒரு செகண்ட் தாங்கல. கடையில காட்டினேன், கிரவுன் பினியன் (உள்ள இருக்கிற ரெண்டு பல்சக்கரம்) போயிருக்கும், மாத்திட்டு கூலர் கிட்டும் போட்டுடலாம்னு சொல்றாங்க. செலவு பண்ணலாமா?

பண்ணாதீங்க. இப்போதைக்கு ஒரு ஸ்பேனர் போதும்.

மொதல்ல கை விஷயம். 60 டிகிரி சூட்டுல இருக்கிற இரும்புலயே யாராலயும் கை வச்சுட்டு இருக்க முடியாது. ஒழுங்கா ஓடற டிஃபரன்ஷியலே 80, 90 போகும், மணல்ல பெரிய டயரை இழுத்தா 100 தாண்டினாலும் ஆச்சரியமில்ல. கிரவுனும் பினியனும் பல்லோட பல்லு உருண்டு மட்டும் போறதில்ல, வழுக்கி தேச்சுக்கிட்டே போகும், அந்த தேய்ப்புலதான் சூடு வருது, அதைத் தாங்கத்தான் ஜிஎல்-5ங்கற கியர் ஆயிலே இருக்கு. கவலைப்பட வேண்டியது 120க்கு மேல போய் அங்கயே நிக்கும்போது. அந்த சூட்டுல மினரல் ஆயில் சீக்கிரம் கெடும், ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் கெடற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும்னு கணக்கு வச்சுக்கலாம். சிந்தெடிக் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

அதனால ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி வச்சுக்கோங்க. பளபளப்பான மெட்டல்ல அது குறைச்சு காட்டும், அளக்கற இடத்துல கருப்பு டேப் ஒட்டிட்டு அளங்க. ஓட்டி நிறுத்தின உடனே நாலு இடம்: கவர், பினியன் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேர்ற முன்பக்கம்), ரெண்டு பக்க ஹப் (வீல் மாட்டற நடுப்பகுதி). மூக்கு மட்டும் கவரை விட ரொம்ப சூடுன்னா பினியன் பேரிங்கை இறுக்கினது ஜாஸ்தி, இல்ல பேரிங் போகுது. ஒரு பக்க ஹப் மட்டும் சூடுன்னா அது டிஃபரன்ஷியலே இல்ல, பிரேக் புடிச்சிட்டு இருக்கு, இல்ல வீல் பேரிங். எல்லாம் ஒரே மாதிரி சூடுன்னா ஆயில், இல்ல லோடு. இதைக்கூட பார்க்காம கிரவுன் பினியன் போச்சுன்னு கை வச்சு சொல்றவரை என்ன சொல்றது.

இப்ப உங்க வண்டியில நான் சந்தேகப்படற இடம் ஆயில் லெவல். லிஃப்ட் பண்ணும்போது ஷாஃப்ட் கோணம் சரி பண்றேன்னு பினியன் மூக்கை மேல தூக்கி விட்டிருப்பாங்க. மூக்கு மேல போனா பின்னாடி கவர் கீழ இறங்கும், கவர்ல இருக்கிற ஃபில்லர் ஓட்டையும் கீழ இறங்கும். ஓட்டை வரைக்கும் ஊத்தி நிறைஞ்சிடுச்சுன்னு மூடினா உள்ள ஆயில் கம்மியாதான் இருக்கும், உயரத்துல இருக்கிற பினியன் பேரிங் பட்டினி கிடக்கும். அதுக்காக கண்ணு மூடிட்டு எக்ஸ்ட்ரா ஊத்தாதீங்க, அளவுக்கு மேல போனா கிரவுன் அதைக் கடைஞ்சு நுரையாக்கி இன்னும் சூடாக்கும். பழைய கோணத்துல எவ்ளோ லிட்டர் புடிக்கும்னு மேனுவல்ல இருக்கும், மொத்தமா வடிச்சிட்டு அந்த அளவை அளந்து ஊத்துங்க. மூக்கை ரொம்பவே தூக்கியிருந்தா கோணத்தைத்தான் குறைக்கணும், வேற வழி இல்ல.

மேனுவல்னு சொன்னதும் ஞாபகம் வருது. "லைஃப்டைம் ஆயில்"னு போட்டிருப்பாங்க, யாரோட லைஃப்னு கேட்டா பதில் இருக்காது. மணல், தண்ணி, டோயிங்னா சீக்கிரம் மாத்தணும்னு பொடி எழுத்துல கடைசிப் பக்கத்துல இருக்கும். சர்வீஸ்ல குடுக்கற பேப்பர்ல டிஃப் ஆயில் செக் பண்ணியாச்சுன்னு டிக் இருக்கும், போய்ப் பார்த்தா ஃபில்லர் பிளக் மேல போன வருஷ சேறு அப்படியே காஞ்சு கிடக்கும். எனக்கே நடந்திருக்கு.

விக்கிறவங்க அடுத்து தள்ளப் பாக்கறது ரெண்டு. சூடு குறைக்கிற பாட்டில், அது வேண்டவே வேண்டாம். இன்னொன்னு பெரிய அலுமினிய கவர். கிரவுன் வீசற ஆயில் கம்பெனி கவரோட வளைவுல வழுக்கித்தான் பினியன் பக்கம் திரும்பி வருது, அந்த இடத்துல உள்பக்கம் தட்டையா இருக்கிற கவரை மாட்டினா ஓட்டமே கெட்டுப்போகும். ஆயில் கூட புடிக்குதுன்னு சொல்வாங்க, அதனால சூடு ஏற லேட் ஆகும், அவ்ளோதான்.

ஒரு விதிவிலக்கு இருக்கு, கவனமா படிங்க. உங்க வண்டி பிளேட் வச்ச எல்எஸ்டியா (ஒரு வீல் மட்டும் சும்மா சுத்தறதைக் குறைக்கிற டிஃப்) இருந்தா மேல பாட்டிலைப் பத்தி சொன்னது அப்படியே பொருந்தாது. பிளேட்டுகள் உரசித்தான் அது வேலை செய்யுது, அதனால ஓப்பன் டிஃப்பை (சாதாரண டிஃப்பை) விட சூடு கூடத்தான் இருக்கும், அதுக்கு ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் வேணும், பிளேட் உரசலை மென்மையாக்கற பாட்டில் அது. இல்லன்னா மெதுவா வளைச்சு திருப்பும்போது பின்னாடி கடகடன்னு உதறும். ஆனா நிறைய எல்எஸ்டி ஆயில்ல அது ஏற்கனவே கலந்தே வரும், மேல இன்னொரு பாட்டில் ஊத்தினா பிளேட் வழுக்கி எல்எஸ்டி இருந்தும் இல்லாத மாதிரி ஆயிடும். எல்எஸ்டியா இல்லையான்னே தெரியலன்னா முன் டயருக்கு கட்டை வச்சு, பின்னாடி ரெண்டு வீலையும் தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்தி, டூ வீல், நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் விட்டுட்டு ஒரு வீலை கையால சுத்துங்க. இன்னொன்னு எதிர் திசையில சுத்தினா ஓப்பன், அதே திசையில சுத்தினா எல்எஸ்டி, இல்லன்னா லாக்கர் (ரெண்டு வீலையும் பூட்டி ஒண்ணா சுத்த வைக்கறது). தேஞ்சுபோன எல்எஸ்டி ஓப்பன் மாதிரியே நடிக்கும், அதனால ஆக்ஸில்ல ஸ்டிக்கர், தகடு ஏதாவது இருந்தா அதையும் பாருங்க.

சூடா இருக்கும்போது தண்ணில இறக்காதீங்க, கூலரை விட இது முக்கியம். உள்ள 100 டிகிரில இருக்கிற காத்து 30க்கு இறங்கினா ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு சுருங்கும், ப்ரீதர் (காத்து போய் வர்ற சின்ன வழி) சேத்துல அடைச்சிருந்தா அந்த உறிஞ்சலுக்கு ஆயில் சீல் வழியா தண்ணி உள்ள வரும். பத்து பதினஞ்சு நிமிஷம் நின்னுட்டு இறங்குங்க, ப்ரீதருக்கு ஒரு ஹோஸ் மாட்டி உயரத்துல கொண்டு போயிடுங்க.

வடிக்கிற ஆயில் பால் காப்பி கலர்னா தண்ணி. கருகின வாசனைன்னா நிஜமாவே ஓவர்ஹீட் ஆயிருக்கு. பிளக் காந்தத்துல சாம்பல் கலர் பேஸ்ட் இருந்தா சாதாரணம், செதில் செதிலா இரும்பு இருந்தா மட்டும் கவரைத் திறங்க, அப்ப கிரவுன் பினியன் பத்திப் பேசலாம்.

வடிக்கறதுக்கு முன்னாடி மேல இருக்கிற ஃபில்லர் பிளக் கழலுதான்னு பார்த்துக்கோங்க. கீழ மொத்தத்தையும் வடிச்சிட்டு மேல பிளக் துருப்புடிச்சு அசையலன்னா வண்டி அங்கயேதான் நிக்கும்.